மேட்ரன் அம்மாவுக்கும், எங்களோடு நின்ற எல்லோருக்கும்

சேகர (திருச்சபை வட்டார) மக்களுக்கும், வெளியூர்களில் இருந்து வந்து எங்களைத் தாங்கிய நண்பர்களுக்கும் திருச்சபை வாலிபர் ஐக்கியத்தின் தோத்திரம்.

தண்ணீர் வடிந்துவிட்டது, சேறுதான் இன்னும் போகவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் பெருவெள்ளத்தில் நடந்ததை நான் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று டிவியில் சொன்னபோது நம்மில் பாதிப்பேர் மொட்டை மாடியில் இருந்தோம். நம் டிவிகள் தண்ணீருக்குள் கிடந்தன. நன்றி சொல்லாமல் புது வருஷ ஆராதனைக்குப் போய் உட்கார மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவ அண்ணாச்சிமார்களுக்கு. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) மட்டுமே வெளியே வரும் அண்டாக்களை யாரிடமும் அனுமதி கேட்காமல் அடுப்பில் ஏற்றிய சமையல்காரப் பெரியவர்களுக்கு. பழந்துணி வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் புதுத் துணியாகவே வாங்கிவந்த பக்கத்து ஊர் ஜமாத் இளைஞர்களுக்கு. அம்மன் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டு, சேற்றுக் காலோடு நின்ற எங்களை "அப்படியே உள்ள வாங்க" என்று கூப்பிட்ட தர்மகர்த்தாவுக்கு. மின்கம்பத்தில் ஏறிய ஊழியர்களுக்கு, தெருவை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சோறு பொங்கிக் கொடுத்ததை நாடே பேசியது. யாரும் பேசாத புதுக்குடிகள் ஆற்றோரம் நிறைய இருந்தன.

இனி நான் எழுத வந்த விஷயம். டிசம்பர் கடைசியில் இளம் தலைவர்கள் முகாம் நடத்துவதாக இருந்தோம் அல்லவா, சாதித்தவர்களிடம் கற்போம் என்று நோட்டீஸ்கூட அடித்திருந்தோமே, அந்த நோட்டீஸ் கட்டு வெள்ளத்தோடு போய்விட்டது. ஆனால் பேச ஒப்புக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒரு வாரம் முன்னதாகவே, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள்.

மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் அண்ணாச்சி, தண்ணீர் புகுந்த மோட்டார்களைக் கழற்றிக் காயவைத்து ஓடவைத்தார். ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஐயா, நனைந்த பட்டாவையும் பத்திரத்தையும் நம் சர்ச் பெஞ்சுகளில் பேப்பர் விரித்துப் பரப்பி, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்திரமே கரைந்துபோனவர்களுக்கு நகல் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் ஊர் கடன்பட்டிருக்கிறது.

மூன்றாவது ஆள் மேட்ரன் அம்மா. அவர் மேட்ரனாக (தலைமை நர்ஸாக) இருந்ததில்லை, ஊர் வைத்த பெயர் அது. வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்) படித்து, வார்டு சிஸ்டராக அங்கேயே காலம் தள்ளி, ஓய்வுபெற்றபின் ஊருக்கு வந்தவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் எனக்குச் செய்தது வெளியே தெரியாத ஒரு சின்னக் காரியம். என் போனை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று இரவு பாரிஷ் ஹாலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் இருந்தும் துபாயில் இருந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா எப்படி இருக்கிறாள், அப்பாவைப் பார்த்தீர்களா, போன் எடுக்கவில்லையே. எல்லோரிடமும் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேட்ரன் அம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஏய்யா, கடைசியா எப்போ படுத்த?"

"தெரியலைம்மா."

கையை நீட்டினார். "போனைக் கொண்டா. போயி படு."

"இல்லைம்மா, எந்த வீட்டுக்கு என்ன வேணும்னு எல்லாம் என் தலையிலதான் இருக்கு."

"அதுதான்யா எனக்குப் பயமா இருக்கு" என்றார். அப்புறம், "சங்கீதம் 127 மனப்பாடமாச் சொல்லுவியே, ரெண்டாம் வசனத்தை இன்னைக்கு ஒரு நாள் செஞ்சு காட்டு" என்றார். அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்ற வசனம். ஓய்வுநாள் பள்ளியில் அதை ஒப்பித்து எனக்குப் பரிசுகூட உண்டு.

எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. மேசையில் ஒரு நீள நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்: நேரம், கூப்பிட்டது யார், எந்தத் தெரு, என்ன தேவை, யாரிடம் சொன்னது, முடிந்ததா. ஒரு வரியை அப்படியே தருகிறேன். "அதிகாலை 2.40. பெங்களூரில் இருந்து மகள். மேலத்தெரு, அம்மா தனியாக. இன்சுலின் தீர்ந்தது. மருந்துக் குழு. 4.15 கொடுத்தாயிற்று." பக்கம் பக்கமாக அதே கையெழுத்து, எங்கேயும் அவசரம் தெரியவில்லை. மருந்துக் குழு என்று எங்களிடம் ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக நம் பிள்ளைகளை எழுப்பி, மருந்து, வள்ளம், சாப்பாடு, பால் என்று ஆளுக்கொரு பொறுப்பாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். மருந்துக்குப் பொறுப்பு, காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் தங்கச்சி. கூட்டங்களில் வாயே திறக்காத பிள்ளை. அன்று அவள் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க எந்திரிச்சாச்சா? கீழத்தெருவுக்கு ஒரு ஆள் வேணும், போறீங்களா?" என்று கேட்டாள். போனேன். ஊர் நான் இல்லாமலே ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது, சொல்வதற்கென்ன.

அப்புறம் ஒரு நாள் கட்டஞ்சாயா குடிக்கும்போதுதான் மேட்ரன் அம்மா விளக்கினார். வார்டில் நைட் டூட்டி முடித்துப் போகிறவள், அடுத்து வருகிறவளிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இவருக்கு என்ன மருந்து போனது, அவருக்கு எத்தனை மணிக்கு அடுத்தது. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சொல்லாமல் போய்விட்டால் நோயாளிக்குத்தான் ஆபத்து. "தலையில வச்சுக்கிட்டு நடக்கிறவளை எங்க வார்டுல மெச்ச மாட்டோம்" என்றார்.

அந்த சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றி நம் முகாம்களில் கேட்காதவர் இல்லை. ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தது, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனது, மூன்று பெண்களும் இறந்தது. 1900இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை, 1909இல் நர்ஸ் பயிற்சி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு என்று வளர்ந்ததும் தெரியும். மேட்ரன் அம்மா சொன்னது அதற்கு அடுத்த பாகம். 1946இல் ஐடா ஸ்கடர் பொறுப்பில் இருந்து விலகினார். அடுத்த சில வருடங்களுக்குள் ஹில்டா லாசரஸ் அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக வந்தார். ஐடா ஸ்கடர் காலமானது 1960இல், கோடைக்கானலில். தான் தொடங்கியதை மற்றவர்கள் நடத்துவதைப் பதினான்கு வருஷம் தள்ளி இருந்து பார்க்கிறதுக்கு, தொடங்குகிறதுக்கு வேண்டியதைவிடப் பெரிய விசுவாசம் வேண்டும் என்பது மேட்ரன் அம்மாவின் கட்சி. எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது.

பக்கத்தில் இருந்த பொறியாளர் அண்ணாச்சி விடுவாரா? 1979 ஆகஸ்ட் 10இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவராக இருந்த சதீஷ் தவான் தானே பத்திரிகையாளர்களிடம் போய் நின்றார். 1980 ஜூலை 18இல் ஜெயித்தபோது அந்தத் திட்டத்தை நடத்திய அப்துல் கலாமைப் பேசச் சொல்லிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டார். "ரெண்டுல எதுடே கஷ்டம்?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்லுமுன் அவரை இன்னொரு மோட்டாருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முகாம் நடந்திருந்தால் இதையே திரை கட்டி, படம் போட்டு ஒன்றரை மணி நேரம் கேட்டு, கைதட்டிவிட்டுப் போயிருப்போம்.

விசுவாசம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது ஊரின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒருவர் வந்து ஹாலில் பிரசங்கித்துவிட்டுப் போனார். சேற்றில் பேரப்பிள்ளையின் புத்தகப்பையைத் தேடிக்கொண்டிருந்த பாட்டியிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? மேட்ரன் அம்மா அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. எங்களிடம் மட்டும் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொன்னார். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். அந்த நாற்காலி வார்டுக்குள் வரும் சத்தம் கேட்டதும் மாணவிகள் எல்லோரும் நிமிர்ந்து நிற்போம் என்று சொல்லும்போது அம்மாவே கொஞ்சம் நிமிர்ந்தார். "எதுக்கு இப்படி ஆச்சுன்னு கர்த்தர்கிட்ட ராத்திரி கேட்டுக்கோ. பகல்ல புண்ணைக் கழுவணும்."

நம் சேகரத்தில் இருந்து வெள்ளாளன்விளை ஒன்றும் தூரமில்லை. அங்கே 1874இல் பிறந்த அசரியா, இருபத்தெட்டு வயதில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, உங்கள் பொருளையெல்லாம் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். வண்டியை நிறுத்தாமலே பொட்டலத்தை எறிந்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களும் இந்த நாட்களில் உண்டு. அந்தப் பொட்டலங்களையும் சாப்பிட்டோம், அவர்களுக்கும் நன்றி. ஆனால் உட்கார்ந்து போனை வாங்கிக்கொள்ள ஆள் வந்ததே, அதைத்தான் அசரியா கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஐக்கியத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொறுப்புக்கு நான் நிற்கப்போவதில்லை. கோபமோ சலிப்போ இல்லை. கணக்கு, சாவி, யார் வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது என்பது வரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்து வருகிறவர் என்னை எழுப்பிக் கேட்கவேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. முகாமைக் கோடை விடுமுறையில் நடத்தலாம் என்று சேகர குருவான ஐயரும் சொல்லியிருக்கிறார்கள். மேட்ரன் அம்மாவைப் பேசக் கூப்பிட்டோம். "பேச்சு வேண்டாம்யா, ஆளுக்கொரு நோட்டும் ஸ்கேலும் வாங்கி வையுங்க" என்றார். வாங்கிவிடுகிறோம் அம்மா.

கடைசியாக ஒரு அறிவிப்பு. பாரிஷ் ஹாலில் இன்னும் உரிமையாளர் தெரியாத டார்ச்சுகள், போர்வைகள், ஒரு தையல் மெஷின், இரண்டு குக்கர் மூடிகள் இருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம், மருந்துப் பொறுப்பில் இருந்த தங்கச்சியிடம் நோட்டு இருக்கிறது.

வாலிபர் ஐக்கியச் செயலாளர்
(பொதுக்கூட்டம் வரைக்கும்)