இரவு பதினொரு மணி திருப்தி

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் அடுக்குமாடி வீடுகளில் நடத்தும் ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வீட்டில் திருப்தி என்கிறார்கள். பகலில் கேட்டால் நானும் அந்தப் பக்கம்தான். தோ பாயோவில் எங்கள் புளோக்கில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. அரிசி மூட்டையோடு இரண்டு மாடி படியேறுவேன். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்கு அப்புறம் எங்கள் தளத்திலும் நிற்கிறது. எதிர்வீட்டு மலாய் அக்கா நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் தருவார். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு போகும்.

சரி, இரவு பதினொரு மணிக்கு மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கும்போது, கீழ்வீட்டுச் சிகரெட் புகை படுக்கையறைக்குள் வரும்போது? அப்போது நான் மிச்சமுள்ள அந்தப் பத்தாவது ஆள்.

வாசகி, தோ பாயோ