முடிவெடுத்த பிறகு கமிட்டி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவில் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களில் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருஷ அரசுக் கல்லூரி) பேச்சு வராத வீடு குறைவு. டி ஆன்சாவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) மாறினால் எவ்வளவு மிச்சம், ஓலோனியில் எந்தக் கணக்கு வகுப்பு எடுக்கலாம், ஒரு பாட யூனிட்டுக்கு 46 டாலர்தானே, இதெல்லாம் அத்துப்படி. ஆனால் அந்த வகுப்பு அடுத்த வருஷம் இருக்குமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள், எந்தக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

1988-இல் இந்த மாநிலத்தில் ஏபி 1725 என்ற சட்டம் வந்தது. பள்ளிக்கூடங்களின் நீட்சி மாதிரி நடத்தப்பட்டு வந்த இந்தக் கல்லூரிகளை முழு உயர்கல்வி நிறுவனங்களாக நிமிர்த்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், மாணவர்கள் எல்லாருக்கும் நிர்வாகத்தில் ஒரு குரல் வேண்டும் என்று சொன்னதும் அதுதான். அதன் வழியே வந்த விதிகளில் ஆசிரியர்களின் பிரதிநிதி சபையான அகாடமிக் செனட்டுக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது, கல்லூரி வட்டாரத்தில் அதைப் பத்து பிளஸ் ஒன்று என்பார்கள். பாடத்திட்டம், சான்றிதழுக்கான தகுதிகள், மதிப்பெண் கொள்கை என்று போகும் அந்தப் பட்டியலில் பத்தாவது, திட்டமிடலும் பட்ஜெட்டும் தயாராகும் நடைமுறை. கவனியுங்கள், நடைமுறை மட்டும்தான். பணம் எங்கே போக வேண்டும் என்பதில் செனட்டுக்கு அதிகாரம் இல்லை, அந்த முடிவு எந்த வழியில் எடுக்கப்பட வேண்டும் என்பதில்தான் அதற்குப் பேச்சு உண்டு. மாணவர்களுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் உண்டு, எந்தப் படிப்பைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்பதில் கருத்துச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

எழுத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு.

நான் மாலையில் படித்து வந்த ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) எங்கள் சான்றிதழ் படிப்பின் மாலை வகுப்புகளை எடுத்துவிட்டார்கள். அடுத்த செமஸ்டர் அட்டவணையில் காணோம் என்பதை வைத்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அப்புறம், இப்படிப்பட்ட முடிவுகளில் கருத்துச் சொல்ல வேண்டிய திட்டமிடல் கமிட்டியின் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். அஜெண்டாவில் அந்த விஷயம் 'தகவலுக்காக' என்று மட்டும் போடப்பட்டிருந்தது, கணக்கு விவரங்கள் உறுப்பினர்களுக்குக் கிடைத்ததே கூட்டத்தன்றுதான். இரண்டு பேர் கேள்வி கேட்டதாகப் பதிவாகியிருக்கிறது, என்ன பதில் என்று பதிவாகவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிற கதைதான் இது.

அந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பாருங்கள். இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பகுதி நேர ஆசிரியர்கள். காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொரு கல்லூரி என்று ஃப்ரீவேயில் ஓடிக்கொண்டிருப்பவர்கள். கமிட்டியில் உட்காரும் நேரத்துக்குப் பல இடங்களில் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாலை வகுப்புகளை நிறையப் பேர் நம்பியிருக்கிறோம், அவற்றை நடத்துகிறவர்களில் பலர் இவர்கள். கூட்டமோ வேலை நாளில் மத்தியானம், அப்போது மாலை மாணவர்கள் எல்லாரும் ஆபீஸிலோ கடையிலோ இருப்போம். மாலை வகுப்பு எடுக்கிறவரும் இல்லாமல், படிக்கிறவரும் இல்லாமல், மாலை வகுப்பைப் பற்றி ஒரு முடிவு.

கமிட்டிகள்தான் கல்லூரியை இழுத்தடிக்கின்றன, எல்லாவற்றையும் நிர்வாகத்திடம் விட்டுவிடலாம் என்று சொல்கிறவர்கள் சிட்டி காலேஜ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோவைக் காட்டுவார்கள். 2012-இல் அங்கீகாரம் வழங்கும் ஆணையம் அந்தக் கல்லூரியின் குறைகள் என்று பட்டியல் போட்டபோது பண நிர்வாகம், திட்டமிடலோடு கமிட்டி அமைப்பும் அதில் இருந்தது உண்மைதான். 2013-இல் ஆணையம் அங்கீகாரத்தையே ரத்து செய்வதாக அறிவித்தது, கல்லூரியை ஆளும், மக்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகளின் அதிகாரத்தை மாநிலம் எடுத்து ஒரே ஒரு தனி அதிகாரியிடம் கொடுத்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது, மாணவர்கள் பயந்து விலகினார்கள், முழு அங்கீகாரம் உறுதியாக 2017 ஜனவரி வரை ஆயிற்று. யார் எதை முடிவு செய்வது, எந்தக் கட்டத்தில் செய்வது என்ற தெளிவு இல்லாமல் கமிட்டிகளை மட்டும் வைத்திருந்தால் ஆபத்து என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து கமிட்டியை வெறும் அறிவிப்புப் பலகையாக ஆக்குவது இல்லை. ஒரே ஆளிடம் கொடுத்தாலும் வேகமாக எதுவும் நடந்துவிடவில்லை என்பதையும் அதே கல்லூரியில்தான் பார்த்தோம்.

2018-19 முதல் மாநிலம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, எத்தனை மாணவர்கள் உதவித்தொகை வாங்குகிறார்கள், எத்தனை பேர் பட்டமோ சான்றிதழோ முடிக்கிறார்கள் என்பதையும் பொறுத்து வருகிறது. அதனால் ஒரு படிப்பை மூடும்போது காலி நாற்காலிகளை மட்டும் எண்ணினால் போதாது, அந்தப் படிப்பை முடிக்க இன்னும் இரண்டு வகுப்பே பாக்கி இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ண வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் நிர்வாகத்தில் இருக்கும் டீன் இல்லை, வகுப்பில் நிற்கிற ஆசிரியர்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. செனட்டின் பரிந்துரையை நம்பி நடப்பதாக டிரஸ்டிகளின் போர்டு ஒத்துக்கொண்ட விஷயங்களில், அதை ஏற்க மறுத்தால் செனட் கேட்டவுடன் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதே வழக்கத்தைத் திட்டமிடல், பட்ஜெட் கமிட்டிகளுக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தானாகவே கொண்டுவரலாம், யாரும் தடுக்கவில்லை. கணக்கை ஒரு கூட்டம் முன்னதாகக் கொடுங்கள், பரிந்துரையைத் தள்ளினால் ஏன் என்று எழுதிக் கொடுங்கள், பகுதி நேர ஆசிரியருக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள், வருஷத்தில் சில கூட்டங்களையாவது சாயங்காலம் வையுங்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிரஸ்டிகள் நம் ஓட்டில் வருகிறவர்கள். வாக்குச்சீட்டில் ஜனாதிபதி, கவர்னர் எல்லாம் தாண்டி அடியில் இருக்கும் அந்தப் பெயர்களைப் பலர் நிரப்பாமலே விட்டுவிடுகிறோம். போர்டின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்ட வேண்டும், அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், 1953-லிருந்து இருக்கும் பிரவுன் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் டிரஸ்டி வேட்பாளரிடம், திட்டமிடல் கமிட்டி வேண்டாம் என்று சொன்ன ஒன்றைச் செய்தால் காரணத்தை எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். தமிழ் மன்றங்கள் வேட்பாளர்களைக் கூப்பிட்டால், அந்தக் கூட்டம் நடக்கும் நாளையும் இடத்தையும் உங்கள் பத்திரிகையில் முன்கூட்டியே போட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாலை வகுப்பு மாணவி,
சான்டா கிளாரா கவுண்டி, கலிஃபோர்னியா