குழந்தைங்க கூடம் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். அம்மன் கோயில் பக்கத்துல இருக்கிற நம்ம பழைய கூடத்து வேலை முடிஞ்சு, போன வாரத்துல இருந்து பால்வாடி பசங்க உள்ள வந்து உக்காந்துட்டாங்க. வரவு செலவு கடைசில குடுத்திருக்கோம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசணும், ஏன்னா வேலை நடந்த அஞ்சு மாசமும் காசிமேட்டு டீக்கடைல பாத்தாலும் கோயில் வாசல்ல பாத்தாலும் ஒரே கேள்விதான், "ஏம்பா, செவுத்துக்கு வெள்ளையடிச்சு ரெண்டு ஃபேன் மாட்டுனா போதாதா, எதுக்கு இவ்ளோ செலவு?" காசு போட்டவங்க கேக்குறது நியாயம், பதில் சொல்ல வேண்டியது கமிட்டி கடமை.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கும். கோயில் காம்பவுண்டு செவுத்துக்கு புது பெயிண்ட் அடிச்ச மூணாவது நாளே பசங்க கரித்துண்டால போட் ஒண்ணும் நாலு மீனும் வரைஞ்சு வச்சிட்டாங்க. மீட்டிங்ல பெரிய சத்தம். கூடத்த ரிப்பேர் பண்ணி பசங்கள உள்ளயே வைங்க, வெளிய விடாதீங்கன்னுதான் மொத தீர்மானமே. அன்னைக்கு பால்வாடி டீச்சரம்மா எழுந்து சொன்னாங்க, 1907 ஜனவரில ரோம்ல சான் லொரென்சோன்னு ஏழை தொழிலாளிங்க இருந்த ஏரியாவுல மரியா மாண்டிசோரி அம்மா மொத குழந்தைங்க வீட்ட தொறந்ததுக்கும் இதேதான் காரணம், அப்பா அம்மா வேலைக்கு போனதும் பசங்க புதுசா சரிபண்ணின பில்டிங்கோட செவுத்த நாசம் பண்றாங்கன்னு பில்டிங்காரங்களே ஒரு ரூம் ஒதுக்கி குடுத்தாங்கன்னு. மாண்டிசோரி அம்மா டாக்டருக்கு படிச்சவங்க. பசங்கள அதட்டி உக்கார வைக்கல, அவங்க என்ன பண்றாங்கன்னு உக்காந்து பாத்தாங்க, அப்புறம் அவங்க கைக்கும் காலுக்கும் ஏத்த மாதிரி சின்ன மேஜை, சின்ன நாற்காலி செஞ்சு போட்டாங்க. அவங்களே 1939ல நம்ம சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபைல டீச்சருங்களுக்கு பயிற்சி குடுத்திருக்காங்க, உலகப்போர் வந்ததால 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்துட்டாங்க. அன்னைக்குதான் தீர்மானம் மாறுச்சு. பசங்கள அடைச்சு வைக்கிற ரூமா இது இருக்கக்கூடாது, பசங்க அளவுக்கு ஒரு கூடமா கட்டணும்னு முடிவாச்சு.

அளவுன்னா சும்மா இல்ல. கை கழுவுற பேசின் ஒண்ணேமுக்கா அடி ஒசரத்துல வேணும்னு படமே போட்டு குடுத்தோம், பிளம்பர் பழக்கத்துல ரெண்டே முக்கா அடில வச்சிட்டாரு, ஒடச்சு மறுபடி வச்சோம். எதுக்கு இந்த பிடிவாதம்னா, எரிக்சன்னு ஒரு மனநல அறிஞர் சொன்னது டீச்சரம்மா மூலமா எங்க எல்லாருக்கும் மனசுல ஏறிடுச்சு. ஒன்றரை வயசுல இருந்து மூணு வயசு வரைக்கும் குழந்தைக்கு நடக்குற போராட்டமே "என்னால முடியும்"ங்கிறதுக்கும் வெக்கத்துக்கும் நடுவுலதானாம், அதுக்கப்புறம் ஆறு வயசு வரைக்கும் தானா முன்வந்து ஒண்ண செய்றதுக்கும், செஞ்சா தப்போன்னு பயந்து ஒதுங்குறதுக்கும் நடுவுல. பழைய கூடத்துல பாத்ரூம் போகணும்னா ஆயாம்மா தூக்கி உக்கார வைக்கணும், நாலு வயசு பையன் அதுக்கு கூச்சப்பட்டு அடக்கிட்டு டிராயர்லயே போயிடுவான், அவன் அம்மா வந்ததும் நாலு அடி விழும். இப்போ சின்ன டாய்லெட் மூணு, கைப்பிடியோட. அவனே போயிட்டு அவனே கழுவிட்டு வர்றான். இந்த ஒரு விஷயத்துக்காகவே இவ்ளோ செலவு பண்ணியிருக்கலாம்னு நான் நெனைக்கிறேன்.

பசங்க விளையாட மணல் தொட்டி, தண்ணி மேடை ரெண்டையும் பொருளாளர் மொதல்ல லிஸ்ட்ல இருந்து அடிச்சிட்டாரு. "பீச்ச பக்கத்துல வச்சுக்கினு மண்ணுக்கு காசு குடுக்குறதா?"ன்னு கேட்டாரு. டீச்சரம்மா வாதாடல. ஒரே மாதிரி ரெண்டு டீ கிளாஸ்ல நன்னாரி சர்பத் சரிசமமா ஊத்தி, நாலு வயசு பொண்ண கூப்ட்டு காட்டுனாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுச்சு. அது கண்ணு முன்னாடியே ஒரு கிளாஸ்ல இருந்தத ஒல்லியா ஒசரமா இருக்கிற கிளாஸ்ல ஊத்தினாங்க. "இப்போ எதுல ஜாஸ்தி?" "ஒசரத்துல." திரும்ப பழைய கிளாஸ்ல ஊத்துனா ஒண்ணுதாங்குது, மறுபடி ஒசர கிளாஸ்ல ஊத்துனா மறுபடி அதுலதான் ஜாஸ்திங்குது. பொருளாளர் அவரே வாங்கி ரெண்டு தடவ ஊத்தி பாத்தாரு, பதில் மாறவே இல்ல. குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணின சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே பண்ணின சோதனை இது. ரெண்டுல இருந்து ஏழு வயசு வரைக்கும் குழந்தை கண்ணுக்கு தெரியுறதத்தான் நம்பும், அளவு மாறலைங்கிறத நாம வாயால சொல்லி புரிய வைக்க முடியாது, ஊத்தி ரொப்பி கொட்டி கலைச்சு கையாலதான் அது வந்து சேரும். வயசு கணக்கு எல்லா குழந்தைக்கும் அச்சு மாதிரி பொருந்தாதுன்னு பின்னாடி வந்தவங்க சொல்லியிருக்காங்க, ஆனா கையால கத்துக்குதுங்கிறத யாரும் மறுக்கல. தொட்டி பாஸ் ஆச்சு. பீச் மணல்ல உப்பும் கண்ணாடி துண்டும் இருக்கு, கல்ல ஒடச்சு செய்ற எம் சாண்ட் பசங்க கைய கிழிக்கும், அதனால ஆத்து மணல் வாங்கி சலிச்சு போட்டிருக்கோம்.

நடுவுல தடுப்பு செவுரு கட்டி சின்னதுங்க ஒரு பக்கம் பெருசுங்க ஒரு பக்கம்னு பிளான்ல இருந்துச்சு, அத வேணாம்னு விட்டோம், அதுல கொஞ்சம் காசும் மிச்சம். ரஷ்யாவுல வைகாட்ஸ்கின்னு ஒரு உளவியல் அறிஞர், 1934ல 37 வயசுல டிபில செத்துட்டாரு, அதுக்குள்ள அவர் எழுதிட்டு போனது இன்னைக்கும் பேசுறாங்க. குழந்தை தனியா செய்றதுக்கும், வெவரம் தெரிஞ்சவங்க கூட இருந்தா செய்றதுக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்கு, கத்துக்கிறது அங்கதான் நடக்குதுன்னாரு. நம்ம ஏரியாவுக்கு இது புதுசே இல்ல. மீன் ஏலத்துல பாட்டி பக்கத்துல உக்காந்து சங்கரா வேற வஞ்சிரம் வேறன்னு பிரிக்க கத்துக்கிட்டவங்கதான நம்ம எல்லாரும். அதனால ஒரு மூலைல பழைய கூடை, கை தராசு, துணில தைச்ச மீனுன்னு ஒரு மீன் கடை வச்சிருக்கோம். போன வெள்ளிக்கிழமை பாத்தேன், அஞ்சு வயசு பொண்ணு மூணு வயசு பையனுக்கு தராசு பிடிக்க சொல்லி குடுக்குது, அவன் கைக்கு அடில தன் கைய வச்சு தாங்குது, அவன் நேரா பிடிச்சதும் கைய எடுத்துருச்சு. பக்கத்துல இருந்த மேஸ்திரிகிட்ட, இதுக்கு 1976ல வுட், புரூனர், ராஸ்னு மூணு ஆராய்ச்சியாளருங்க வச்ச பேரே, கட்டடத்துக்கு கட்டுற சாரம்தான்னு டீச்சரம்மா சொன்னாங்க. "காங்கிரீட் இறுகினா சாரத்த பிரிக்கத்தான வேணும்"னாரு மேஸ்திரி.

கதவுகிட்ட அம்மாமாருக்கு ஒரு பெஞ்ச் போட்டிருக்கோம். புதுசா சேர்ற குழந்தைக்கு மொத ரெண்டு வாரம் அம்மாவோ பாட்டியோ கண்ணுக்கு தெரியுற தூரத்துல உக்காரலாம், நம்பிக்கையான ஆள் பக்கத்துல இருந்தாதான் குழந்தை தைரியமா சுத்தி பாக்கும்னு பௌல்பின்னு ஒரு மனநல டாக்டர் சொன்னத வச்சு பண்ணது.

சில பேருக்கு மனசு ஆறல, ஏபிசிடி சார்ட் எங்க, எப்போ எழுத சொல்லித்தருவீங்கன்னு கேக்குறாங்க. எல்கேஜில வர்ற கேஜி, கிண்டர்கார்டன், ஃபுரோபெல்னு ஒரு கல்வியாளர் 1840ல ஜெர்மன்ல வச்ச பேரு, அர்த்தம் குழந்தைங்க தோட்டம். அவர் பசங்க கைல குடுத்தது நூல் உருண்டையும் மரக்கட்டையும். மூணு வயசு விரல்ல பென்சில திணிச்சா எழுத்து வராது, கை வலிதான் வரும், இதுல கமிட்டிக்கு ரெண்டு கருத்து இல்ல. மணல்ல கோடு போட்டு, மாவு பிசைஞ்சு, மணி கோத்து விரல் பலமானா எழுத்து தானா வரும். பக்கத்து தெருவுல எழுதுறாங்களேன்னு தயவுசெஞ்சு டீச்சரம்மாவ நெருக்காதீங்க.

ஒரு தப்பு நடந்துச்சு, மறைக்க விரும்பல. கான்ட்ராக்டர் வழுக்காத மேட் ஃபினிஷ் டைல்ஸுக்கு பதிலா பளபளன்னு வழுக்குறத ஒட்டிட்டாரு, நாங்களும் பாக்காம விட்டுட்டோம், தண்ணி மேடைகிட்ட ஆயாம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கின பிறகுதான் பேர்த்தோம். அவங்க வைத்திய செலவ கமிட்டி ஆளுங்க கைல இருந்து குடுத்தோம், இந்த கணக்குல சேரல.

மொத்த வரவு 6,84,500 ரூபாய். மேல்தளத்துல தண்ணி எறங்காம போடுற வெதரிங் கோர்ஸ், பூச்சு, பெயிண்ட், கரண்ட் வேலைக்கு 2,96,000. டைல்ஸ், பேர்த்து மறுபடி போட்டதும் சேத்து 1,12,500. டாய்லெட், தண்ணி லைன், பேசின் 1,38,700. மேஜை, நாற்காலி, அலமாரி, மணல் தொட்டி, விளையாட்டு சாமான் 1,24,000. ஆக செலவு 6,71,200, கைல மிச்சம் 13,300, அது வருஷா வருஷம் மணல் மாத்துறதுக்குன்னு தனியா வச்சிருக்கோம். பில்லு எல்லாம் பொருளாளர்கிட்ட இருக்கு, எப்போ வேணும்னாலும் வந்து பாக்கலாம்.

இன்னும் ஒண்ணு. கூடத்துக்குள்ள மூணு பக்க செவுத்துக்கும் நாலடி ஒசரம் வரைக்கும் பிளாக்போர்டு பெயிண்ட் அடிச்சாச்சு, பசங்க இஷ்டத்துக்கு கிறுக்கலாம். வெளிய கோயில் காம்பவுண்டு செவுத்துல அந்த போட்டும் நாலு மீனும் இருக்கிற எடத்த மட்டும் பெயிண்டர்கிட்ட தொடாம விட சொல்லியிருக்கோம். அத அப்படியே வச்சுக்கலாமா, அடிச்சிடலாமான்னு அடுத்த மீட்டிங்ல உறுப்பினர்கள் சொல்லணும்.