நிரலுக்கும் ஏஎம்சி வேண்டும்

ஆய்வுத் திட்டங்களை மதிப்பிட்டு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய ஒரு திட்ட விண்ணப்பத்தில் ஒரு வரி மட்டும் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. "மென்பொருள் பில்டு, சோதனைப் பராமரிப்பு: ஒருவர், பகுதி நேரம்" என்பது அந்த வரி. ஓரத்தில் குறிப்பு: "வழக்கமான பராமரிப்பு, ஆய்வு ஆகாது." அதே விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தில் சர்வருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் கேட்டிருந்த ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகையை யாரும் தொடவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. யுபிஎஸ் பேட்டரியைக் காலத்தில் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பைத்தான் மொழியில் எழுதிய ஒரு நிரலகத்தின், அதாவது பலர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின், சோதனைகளை ஓராண்டு ஓட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் வேலை பல்சார் நேரக் கணிப்பு. பல்சார்கள், அதாவது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் விண்மீன் எச்சங்களிலிருந்து வரும் துடிப்புகள் எந்த நேரத்தில் பூமியை எட்டின என்று பல ஆண்டுகள் குறித்துவைப்போம். எதிர்பார்த்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. புனே மாவட்டத்தில் நாராயண்காவ் அருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளோடு நிற்கும் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் தரவு இந்தத் துறைக்கு வருகிறது. 2023 ஜூனில் ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் சேர்ந்து நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பலைகளுக்கான (ஓர் அசைவு முடியவே பல ஆண்டு எடுக்கும் காலவெளி அதிர்வுகள்) சான்றை வெளியிட்டபோது, இந்தியத் தரப்பின் பங்கு இந்தத் தொலைநோக்கியிலிருந்து வந்ததுதான். அந்த அலைகள் துடிப்பின் நேரத்தில் ஏற்படுத்தும் மாற்றம் நூறு நானோநொடி அளவில் இருக்கும். நொடியில் கோடியில் ஒரு பங்கு.

எங்கள் துறையில் ஒரு சிறு நிரலகம் இருக்கிறது. மாணவர்கள் அதை லைப்ரரி என்றே சொல்வார்கள். பைத்தானில் அறிவியல் கணக்குகளுக்கு உலகமே பயன்படுத்தும் நம்பை, சைபை என்ற இரண்டு நிரலகங்களின் மேல் கட்டியது. உள்ளே சி மொழியில் கொஞ்சம், பழைய ஃபோர்ட்ரான் மொழியில் கொஞ்சம். அதைப் பராமரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது.

2022-இல் ஒரு ஆய்வு மாணவி புதிய மேக் லேப்டாப் வாங்கினார். நிரலகத்தை நிறுவிவிட்டு, நான் பழக்கியிருந்தபடி முதல் வேலையாகச் சோதனைகளை ஓட்டினார். ஒன்றே ஒன்று தவறி, சிவப்பாக நின்றது. இருபது ஆண்டு தள்ளி வரும் ஒரு துடிப்பின் நேரத்தை எழுதி, திரும்பப் படித்து, ஒரு நானோநொடிக்குள் அதே விடை வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பத்துக்கணக்கான நானோநொடி தள்ளி விடை வந்தது. துறையின் லினக்ஸ் கணினிகளில் அதே சோதனை ஒரு நாளும் தவறியதில்லை.

இந்த இடத்தில் எந்தப் பராமரிப்பாளரின் கையும் ஒரு வரியை நோக்கிப் போகும். சோதனையில் அனுமதிக்கும் பிழையின் அளவை ஒரு நானோநொடியிலிருந்து நூறாக்கினால் பச்சையாகிவிடும். அல்லது "மேக்கில் இதை ஓட்டாதே" என்று ஸ்கிப் போடலாம். இரண்டும் பத்து நிமிட வேலை. சில நேரம் அதுவே சரியாகவும் இருக்கும். வெவ்வேறு சில்லுகளில் கூட்டல் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறும், அதற்குப் பதறத் தேவையில்லை. எது கடைசி இலக்கத்தின் சலசலப்பு, எது உண்மையான பிழை என்று பிரித்துச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர். அதற்கு இயற்பியலும் தெரியவேண்டும், நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் தெரியவேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. இருபது ஆண்டு என்பது ஏறத்தாழ 63 கோடி நொடி. சாதாரண 64 பிட் எண்ணில் அந்த இடத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 119 நானோநொடி. நாங்கள் தேடும் ஈர்ப்பலையின் அளவே அவ்வளவுதான். அதனால் நிரலகத்தை முதலில் எழுதியவர் லாங் டபுள் என்ற பெரிய எண்வகையைப் பயன்படுத்தியிருந்தார். இன்டெல் வகைச் சில்லு உள்ள லினக்ஸில் அது 80 பிட். அங்கே இடைவெளி 0.06 நானோநொடியாகச் சுருங்கிவிடும். நம்பை அங்கே அதற்கு ஃப்ளோட்128 என்று பெயர் வைத்திருக்கிறது; பெயரைப் பார்த்து 128 பிட் துல்லியம் என்று நம்பியவர்கள் எங்கள் துறையிலேயே உண்டு. ஆப்பிளின் புதிய சில்லுகளிலோ லாங் டபுள் என்பதும் அதே 64 பிட்தான். பெயர் இருக்கும், துல்லியம் இருக்காது. எச்சரிக்கை எதுவும் வராது.

அந்தச் சோதனை இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல இரவு நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிரல் ஓடியிருக்கும். வரைபடம் வந்திருக்கும். புள்ளிகள் கொஞ்சம் கூடுதலாகச் சிதறியிருக்கும். நாங்கள் தொலைநோக்கியைச் சந்தேகித்திருப்போம், விண்மீன்களுக்கு இடையிலுள்ள பிளாஸ்மாவைச் சந்தேகித்திருப்போம். லேப்டாப்பைச் சந்தேகித்திருக்க மாட்டோம்.

திருத்தம் செய்ய மேலும் ஒரு மாதம் ஆனது. ஒரு நேரத்தை ஒரே எண்ணாக வைக்காமல் முழுப்பகுதி, பின்னப்பகுதி என்று இரண்டு 64 பிட் எண்களாகப் பிரித்து வைத்தோம். வானியலுக்கான ஆஸ்ட்ரோபை நிரலகம் நெடுநாளாகச் செய்துவருவது அதுதான். மொத்தம் ஆறு வாரம், அந்த மாணவியின் ஆறு வாரம். ஆண்டு அறிக்கையில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. மதிப்பாய்வில் அமர்ந்திருந்த ஒருவர், "அந்த ஆறு வாரத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். மாணவி விளக்கினார். "சரி, இனி ஆய்வைத் தொடருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவர் செய்ததுதான் ஆய்வு.

பில்டு, அதாவது எழுதிய நிரலை நிறுவத்தக்க வடிவில் கட்டுவது, பற்றியும் சொல்லவேண்டும். சோதனைக்குக் கிடைக்கும் மதிப்புகூட அதற்குக் கிடைப்பதில்லை. சி, ஃபோர்ட்ரான் நிரல்களைக் கம்பைல் செய்து பைத்தானோடு இணைக்க, டிஸ்ட்யூடில்ஸ் என்ற கருவி இருபது ஆண்டுக்கு மேல் பைத்தானுடனே வந்துகொண்டிருந்தது. நம்பை அதன் மேல் தனக்கென ஒன்றைக் கட்டிவைத்திருந்தது. உலகம் முழுவதும் அறிவியல் நிரலகங்கள் அதை நம்பியிருந்தன, எங்களுடையதும்கூட. 2023 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.12-இல் டிஸ்ட்யூடில்ஸ் நீக்கப்பட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை, 3.10-இலேயே சொல்லிவிட்டார்கள். சைபை குழு 2021-இலேயே வேலையைத் தொடங்கி, 2022 ஜூலையில் வந்த 1.9.0 பதிப்பில் மீசான் என்ற புதிய பில்டு கருவிக்கு மாறியது. நம்பை 2023 செப்டம்பரில் 1.26.0 பதிப்பில் மாறியது, பைத்தான் 3.12 வருவதற்குச் சில வாரம் முன்பு. பயன்படுத்துபவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. நிறுவச் சொன்னார், நிறுவியது, அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" பின்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். சைபைக்குள் 1980-களின் ஃபோர்ட்ரான் நிரல்கள் இருந்தன: தொகையீட்டுக்குக் குவாட்பேக், சமன்பாடுகளுக்கு மின்பேக் என்று. அண்மை ஆண்டுகளில் அவற்றைச் சி மொழிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வருகிறார்கள். ஃபோர்ட்ரான் இருந்தவரை விண்டோசுக்கு ஒரு வழி, லினக்ஸுக்கு ஒரு வழி, மேக்கில் இரண்டு சில்லுகளுக்கு இரண்டு வழி என்று கம்பைலர்களைப் பொருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு வழியிலும், அணிக்கணக்குகளைச் செய்யும் ஓபன்பிளாஸ் சரியாக இணைய வேண்டும். இதையெல்லாம் பல பைத்தான் பதிப்புகளுக்கும் திரும்பத் திரும்பக் கட்டி, அப்படியே நிறுவத்தக்க வீல் கோப்புகளாக வெளியிட வேண்டும். ஆயிரக்கணக்கான சோதனைகள் ஒவ்வொன்றிலும் ஓட வேண்டும். 2020-இலிருந்து ஆண்டுக்கு ஒரு பைத்தான் பதிப்பு அக்டோபர்தோறும் வருகிறது. இந்த வேலை முடிவதே இல்லை.

எங்களிடம் அப்படி ஒரு குழு இல்லை. பைத்தான் 3.12 வந்து சில மாதம் கழித்து முதல் மின்னஞ்சல் வந்தது. வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்து மாணவர், "டிஸ்ட்யூடில்ஸ் என்ற மாட்யூல் இல்லை என்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். பழைய பைத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன். பதினோரு பேருக்கு அதே பதிலை எழுதினேன். மீசானுக்கு மாற்றி முடிக்க எனக்குச் சனி, ஞாயிறுகளாகவே ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். நீங்கள் அடித்த அந்த வரி இருந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும்.

பிழை எப்போதும் நம் நிரலிலேயே இருக்கும் என்றும் இல்லை. 2020-இல் விண்டோஸ் 10-இன் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, வகுத்தல் மீதி காணும் ஒரு அடிப்படைச் செயற்பாடு சில்லின் நிலையைக் கெடுத்துவிட்டுப் போனது. அடுத்து வந்த அணிக்கணக்குகள் பொருளற்ற விடை தந்தன. தவறு இயங்குதளத்தில். கேள்வி வந்து குவிந்ததோ நம்பை பராமரிப்பாளர்களிடம். 1.19.4 பதிப்பில் அவர்கள் ஒன்று செய்தார்கள்: நம்பையை ஒரு நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போதே, அதாவது அழைக்கும்போதே, அது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கும், விடை கோணினால் தெளிவான செய்தியோடு நின்றுவிடும். தவறான எண்ணோடு ஆயிரக்கணக்கானவர்கள் தொடர்வதற்கு மாறாக நின்றுவிடு என்று முடிவெடுத்தவர்களை நான் மனதாரப் போற்றுகிறேன்.

சோதனையே இல்லாத இடத்தில் நடப்பதற்கு வேதியியலில் ஒரு சான்று உண்டு. 2014-இல் வெளியான ஒரு செய்முறைக் கட்டுரையோடு வந்த பைத்தான் ஸ்கிரிப்டுகள், இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு விடை தருவதை 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்தார்கள். கோப்புகளின் பட்டியல் எல்லாக் கணினியிலும் ஒரே வரிசையில் வரும் என்று நிரல் நம்பியிருந்தது. வரிசைப்படுத்த ஒரே ஒரு சொல் போதும். ஐந்து ஆண்டு யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. பராமரிப்புக்குப் பணம் கொடுத்தால் முடிவே இருக்காது, காட்ட ஒரு விளைபொருள் இருக்காது, யார் எவ்வளவு உழைத்தார் என்று அளக்க முடியாது என்பீர்கள். முடிவு இருக்காது என்பது உண்மை. ஆய்வுக்கூடத்துத் தராசுக்கும் முடிவு இல்லை. எவ்வளவு காலம் எடை போடுகிறோமோ அவ்வளவு காலமும் அதைச் சரிபார்க்கிறோம், கடைத்தெருவில் எடைக்கல்லுக்குக் குறித்த காலத்தில் முத்திரை போடுவதுபோல. அளக்க முடியாது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கருவிக்கு லாக் புத்தகம் கேட்கிறீர்கள் அல்லவா? நிரலகத்துக்கும் கேளுங்கள். எந்தெந்த இயங்குதளத்தில், எந்தப் பைத்தான் பதிப்பில் சோதனை ஓடியது, எது எப்போது தவறியது, காரணம் என்ன, எப்படி மூடப்பட்டது என்று தேதியோடு காட்டச் சொல்லுங்கள். இதைவிடத் தெளிவான கணக்கு பயணச்செலவுத் தலைப்பில்கூட இருக்காது.

மற்ற நாடுகள் தாமதமாகத்தான் இதைக் கற்றன. 2006-இல் நம்பை 1.0 வந்தது. அதைப் பராமரிக்கவென்றே பெரிய நிதி வந்தது 2017-இல், மூர், ஸ்லோன் அறக்கட்டளைகள் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோதுதான். இடைப்பட்ட காலத்தில், 2016-இல் அறிவிக்கப்பட்ட முதல் ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பின் தரவு ஆய்விலும் நம்பை இருந்தது. பெரும்பாலும் ஓய்வுநேர உழைப்பில் நின்ற கருவி அது. பிரிட்டனில் ஆய்வு மென்பொருளின் நீடிப்புக்காகவே 2010-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பலை ஆய்வகம் எழப்போகிறது. அதன் தரவைப் படிக்கப்போகும் நிரல்களை யார் கட்டிச் சோதிக்கப்போகிறார்கள் என்று இப்போதே கேட்கலாம்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. விண்ணப்பப் படிவத்தில் மனிதவளம், கருவி, நுகர்பொருள், பயணம், கான்டிஞ்சன்சி என்று இருக்கும் தலைப்புகளோடு "மென்பொருள் பராமரிப்பு" என்று ஒன்றைச் சேருங்கள். இப்போது அதைக் கான்டிஞ்சன்சிக்குள் ஒளித்து எழுத வேண்டியிருக்கிறது. ஒளித்து எழுத எனக்கு விருப்பமில்லை. இடைக்கால மதிப்பாய்வில், "உங்கள் நிரலின் சோதனைகள் இன்று ஓடுமா? எந்தெந்தக் கணினியில்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நிதியைவிட அந்த ஒரு கேள்வியே பல துறைகளை விழிக்கவைக்கும். மாணவர்களின் ஆண்டு அறிக்கையில், நம்பைக்கோ சைபைக்கோ அவர்கள் அனுப்பி ஏற்கப்பட்ட திருத்தங்களை எழுத ஒரு கட்டம் வையுங்கள். ஒரு பிழையைக் கண்டுபிடித்து மூலத்திலேயே சரிசெய்த மாணவர், அதை மறைத்து "ஆய்வைத் தொடர" வேண்டியதில்லை.

அடுத்த சுற்று விண்ணப்பத்தில் அதே வரியை மறுபடியும் எழுதப்போகிறேன். இந்த முறை பதிவேட்டையும் பின்னிணைப்பாக வைக்கிறேன். முதல் பக்கத்தில் 2022-இன் அந்தச் சிவப்புச் சோதனையும், அதை மூடியவராக அந்த மாணவியின் பெயரும் இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அன்புடன்,
பல்சார் நேரக் கணிப்பு நிரலகம் ஒன்றின் பராமரிப்பாளர்