ஜெபத்துக்கு முன் அரை நிமிடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெப வாழ்க்கை ஆழப்பட வேண்டுமானால் நேரத்தைக் கூட்ட வேண்டும், அரை மணி ஜெபிப்பவர் ஒரு மணிக்குப் போக வேண்டும் என்று ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வழியில் இருபது வருஷம் நடந்து பார்த்தவன் நான்.

கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஜெபத்துக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் பெயரும் தேவையும், வலது பக்கம் தேதி. பதில் கிடைத்தால் சிவப்பு மையில் டிக். டிக் விழாத வரிகளை மாதக் கடைசியில் பாக்கியைக் கொண்டுபோவது போல அடுத்த பக்கத்தில் எழுதுவேன். விடியற்காலையில் முழங்காலில் நின்று வரி வரியாக வாசித்து முடித்தால் கடமை தீர்ந்தது. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று வசனம் சொல்லத் தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆடிட்டர்!

மூட்டு வலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பது குற்றமாகவே பட்டது. இதைக் கேட்ட கத்தோலிக்க நண்பர் ஒருவர் (நான் புராட்டஸ்டன்ட்), இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின், 1548-ல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் ஒரு சின்னக் குறிப்பைக் காட்டினார். ஜெபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்பே நின்று, பரமண்டல ஜெபம் சொல்லும் நேரத்துக்கு, ஆண்டவர் என்னைப் பார்ப்பதை நினைக்க வேண்டுமாம். அவ்வளவுதான். அரை நிமிடம் ஆகும்.

மறுநாள் நாற்காலிக்கு இரண்டடி தள்ளிக் கைத்தடியை ஊன்றி நின்றேன். முதல் சில நாள் என் தப்புகள்தான் வரிசையாக வந்தன. அப்புறம் மாற்கு 10:21 பிடிபட்டது. நித்திய ஜீவனுக்கு வழி கேட்டு வந்த ஐசுவரியவானைப் பற்றி, 'இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து' என்று இருக்கிறது. உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற கட்டளை அதற்குப் பிறகுதான். அவன் எதையும் விற்கவில்லை. கடைசியில் துக்கத்தோடு போயும் விடுகிறான். அன்பு அதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. எத்தனையோ தடவை வாசித்தும், அடுத்து வரும் கட்டளைக்கு ஓடுகிற அவசரத்தில் அந்த வார்த்தையில் நான் நின்றதே இல்லை.

நோட்டை எறியவில்லை. அதில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்ட உறவினர் ஒருவர் பெயர் உண்டு. 'அவரைத் திருத்தும்' என்றுதான் எழுதியிருந்தேன். அந்த அரை நிமிடம் நின்றுவிட்டு வந்த பிறகு அதை வாசிக்க வாய் வரவில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன்.

சில நாள் மனதில் ஒன்றும் ஓடாது. சரி, இருக்கட்டும். ஜெப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காத்திருந்த வருஷங்களை ஜெபத்தைப் பற்றி நூல்கள் எழுதிய ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரேசாவே தன் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அடுத்த முறை இந்த அரை நிமிடத்தைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள். என் ஜெபம் இப்போது எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன். கண்ணில் பட்டால் கூட்டிப் பார்க்கத் தோன்றுகிறது, பழைய தொழில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்