ஊருக்கு வரும் நண்பனுக்கு

திருச்சி,
20.2.2022

அன்புள்ள இராமநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா இப்போது நன்றாக எழுந்து நடமாடுகிறார். பங்குனியில் நீ இலண்டனிலிருந்து வருவதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்கிறார்.

பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து வந்த, இரண்டு தவணைக் கொரோனா தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர்களை டிசம்பரில் விமான நிலையத்திலேயே பரிசோதித்து, முடிவு வரும்வரை காத்திருக்க வைத்து, அதன் பிறகும் ஏழு நாள் வீட்டில் தனித்திருக்கச் சொன்னது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். அன்றைய நிலையில் அது நியாயம்தான் என்பதே என் எண்ணம். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கிறது. கிருமி இப்போது உடலில் இருக்கிறதா என்பதைப் பரிசோதனைதான் காட்டும். கர்நாடகத்தில் டிசம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்ட, நாட்டின் முதல் இரண்டு ஒமைக்ரான் (கொரோனாவின் புதிய திரிபு) நோயாளிகளும் இரு தவணையும் போட்டுக்கொண்டவர்களே. அவர்களுள் ஒருவர் வெளிநாட்டுக்கே போகாத மருத்துவர் என்பதையும் மறக்கக் கூடாது. கிருமி அதற்குள் ஊருக்குள் புகுந்துவிட்டது. பரவல் உள்ளூரிலேயே பெருகிய பின், வருகிறவர்களை மட்டும் ஏழு நாள் அடைத்து வைப்பதில் பயன் குறைவு என்பதால், அதைக் கைவிட்டதும் சரியே.

பிப்ரவரி 14 முதல், 82 நாடுகளிலிருந்து வருவோர் பயணத்துக்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் (கொரோனா பரிசோதனை) முடிவுக்குப் பதிலாகத் தடுப்பூசிச் சான்றிதழையே, வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான அரசின் ஏர் சுவிதா இணையதளத்தில் பதிவேற்றலாம். பிரிட்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்ற அக்டோபரில் இரு அரசுகளும் ஒன்றின் சான்றிதழை மற்றொன்று ஏற்காமல், பயணிகளைப் பத்து நாள் தனிமைக்கு உள்ளாக்கியதை நினைத்தால், இந்த இணக்கம் பெரும் ஆறுதல். நம் போன்றோரின் குடும்பங்கள் அந்தப் பூசலில் பட்ட வேதனை தேவையற்றது.

வருவோரில் நூற்றுக்கு இருவரை மட்டும் இறங்கியதும் பரிசோதிக்கிறார்கள். உன்னை அழைத்தால் சலித்துக்கொள்ளாதே. மாதிரியைக் கொடுத்துவிட்டு உடனே வெளியே வரலாம். தொற்று உறுதியாகும் மாதிரிகளை மரபணுப் பகுப்பாய்வுக்கு அனுப்புவதால், அடுத்த புதிய திரிபு வந்தால் முன்கூட்டியே தெரியவரும். உன்னுடன் வரும் பேத்திக்கு ஐந்து வயது நிறையாததால் அவளுக்குப் பரிசோதனை இல்லை.

சுய அறிவிப்புப் படிவத்தில், கடந்த பதினான்கு நாளில் சென்ற நாடுகளை விடாமல் எழுது. வந்த பிறகு பதினான்கு நாள் உடல்நிலையைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி; ஆயினும் அம்மாவின் வயதைக் கருதி, மூன்றாம் நாள் நீயாகவே ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. விமான விவரத்தை எழுது, நானே அழைத்துவர வருகிறேன்.

அன்புடன்,
கணேசன்