தீக்காயச் செய்திகளில் சதவீதம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பட்டாசு ஆலை விபத்தானாலும் சிலிண்டர் வெடிப்பானாலும், '60 சதவீத தீக்காயங்களுடன் மருத்துவமனையில் அனுமதி' என்று உங்கள் நாளிதழில் போடுகிறீர்கள். காயத்தைப் பற்றிய செய்தி அதோடு முடிந்துவிடுகிறது. மற்ற நாளிதழ்களும் இப்படித்தான் எழுதுகின்றன. தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதித் தகவல்தான். உடம்பில் எவ்வளவு பரப்பு வெந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. எவ்வளவு ஆழம் என்று சொல்வதில்லை. காயம் தானாக ஆறுமா, தோல் ஒட்டு அறுவை தேவைப்படுமா, விரல் மடங்குமா என்பதெல்லாம் ஆழத்தைப் பொறுத்தவை.

சதவீதத்தைப் பெரியவர்களுக்கு ஒன்பதுகளாகக் கணக்குப் போடுவார்கள். தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, மார்பும் வயிறும் சேர்ந்து 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. கைக்குழந்தைக்கு இது ஒத்துவராது. அதன் தலை மட்டுமே 18 வரை வரும், கால்களின் பங்கு குறையும். சூடான சாம்பார் கொட்டிய குழந்தைக்குப் பெரியவர் கணக்கைப் போட்டால் எண்ணே தப்பாகிவிடும். அதனால்தான் 1944இல் வெளிவந்த லண்ட்-பிரவுடர் அட்டவணையை, வயதுக்கு ஏற்றபடி, இன்றும் பார்க்கிறார்கள். அங்கங்கே சிதறிய காயம் என்றால் நோயாளியின் உள்ளங்கையையே அளவுகோலாக வைப்பார்கள். அது, விரல்களோடு சேர்த்து, ஏறக்குறைய 1 சதவீதம். வெறுமனே சிவந்திருக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்தக் கணக்கில் பிசகினால் சிகிச்சையே மாறும். டாலஸ் நகரத்து பார்க்லாண்ட் மருத்துவமனையின் பெயரில் வழங்கும் சூத்திரப்படி, 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 7.2 லிட்டர் ட்ரிப்ஸ். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. எனவே 'இத்தனை மணிக்கு விபத்து நடந்தது' என்று உடன் வந்தவர்கள் சொல்வது மிக முக்கியம்.

அப்புறம் ஆழம். அதை டிகிரி என்ற படிகளாகச் சொல்வார்கள். முதல் டிகிரி என்பது மேல்தோலோடு நிற்பது. சிவந்து எரியும், கொப்புளம் இருக்காது, ஒரு வாரத்தில் ஆறிவிடும். இரண்டாம் டிகிரியில் இரண்டு வகை உண்டு. மேலோட்டமானதில் கொப்புளம் எழும்பும், அடியில் ஈரமாக இளஞ்சிவப்பாக இருக்கும், தொட்டாலே துடிப்பார்கள். அது இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். ஆழமானது வெளுப்பும் சிவப்பும் கலந்து தெரியும், வலி குறைவு, ஆற அதிக நாள் எடுக்கும், வடு நிற்கும். மூன்றாம் டிகிரியில் தோலின் முழு ஆழமும் வெந்து வெள்ளையாகவோ கருகியோ பதனிட்ட தோல் மாதிரி விறைத்திருக்கும். தசை, எலும்பு வரை போனால் நான்காம் டிகிரி.

உறவினர்கள் அதிகம் ஏமாறுவது மூன்றாம் டிகிரியில்தான். 'வலியே இல்லைங்கிறார் சிஸ்டர், லேசாத்தான் பட்டிருக்கு' என்று நிம்மதியாகச் சொல்வார்கள். நரம்பு முனைகளே கருகிவிட்டதால்தான் அங்கே வலிக்கவில்லை. இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வது அந்த வார்டில் மிகக் கடினமான வேலை.

முதல் நாளே ஆழத்தை உறுதியாகச் சொல்லவும் முடியாது. வெந்துபோன நடுப்பகுதியைச் சுற்றி, பிழைக்கவும் மடியவும் வாய்ப்புள்ள ஒரு வளையம் இருப்பதை 1953இல் ஜாக்சன் என்ற மருத்துவர் விளக்கினார். இரண்டு மூன்று நாளில் அந்த வளையம் மடிந்தால் இரண்டாம் டிகிரி மூன்றாகிவிடும். அதைக் காப்பாற்றத்தான் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிடச் சொல்கிறோம். ஐஸ் வேண்டாம். இங்க், டூத்பேஸ்ட், மாவு, மஞ்சள் எதையும் தயவுசெய்து பூசாதீர்கள். காயத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். நீல இங்கை அப்பிக்கொண்டு வந்தால் டாக்டர் எதைப் பார்ப்பார்?

மின்சாரம் தாக்கியவரைப் பற்றி '3 சதவீத காயம்' என்று எழுதினால் படிப்பவர் சின்ன விஷயம் என்றுதான் நினைப்பார். மின்சாரம் உள்ளே போன இடமும் வெளியே வந்த இடமும் சிறியதாக இருக்கலாம். இடையில் தசை வெந்து, சிறுநீரகம் வரை பாதிக்கலாம், கையையே எடுக்க நேரலாம். பூட்டிய அறைக்குள் புகையைச் சுவாசித்தவருக்கும் அப்படித்தான். நுரையீரல் எந்தச் சதவீதத்திலும் வராது.

ஆகவே உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். டாக்டரிடம் சதவீதம் கேட்கும்போது கூடவே ஆழம் எவ்வளவு, புகை உள்ளே போயிருக்கிறதா, நோயாளியின் வயது என்ன என்றும் கேளுங்கள். அதே 40 சதவீதத்தை இருபது வயதுக்காரரின் உடம்பு தாங்குவது போல எழுபது வயதுக்காரரின் உடம்பு தாங்காது. ஆழம் இன்னும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னால் அதையே எழுதுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி விசாரித்துப் போடுங்கள். வார்டு வாசலில் நிற்கும் குடும்பத்தினரும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சாத்தூர்.